பிரவுசரின் பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்

புதுக்குடியிருப்பு, மாங்குளம் பக்கம் ஆன்லைன் விண்ணப்பம் என்றால் இன்னும் பலர் கொமினிகேசன் கடைக்குத்தான் போகிறார்கள். கையில் போன் இல்லாமலில்லை. அதில் தளத்தைத் திறந்தால் "உங்கள் பிரவுசர் பழையது" என்று ஒரு வரி வந்து நிற்கும்.

அப்படியான ஒரு தளம் திருத்த வேலைக்கு என்னிடம் வந்தது. சேர்வர் லொக்கை, அதாவது யார் வந்தார்கள் என்ற பதிவேட்டைப் பார்த்தால், திருப்பி அனுப்பப்பட்டவர்களில் புத்தம்புதுக் குரோம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். தளத்தின் நிரல், பிரவுசரின் பதிப்பு எண்ணை 80உடன் எண்ணாக அல்லாமல் எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறது. அகராதி வரிசையில் "100", "80"க்கு முன்னால் வரும். 2022இல் குரோம் நூறைத் தொட்டதும் எல்லாரும் 'பழையவர்' ஆகிவிட்டார்கள். இதுபோன்ற வில்லங்கம் தெரிந்துதான் ஒபேரா என்ற பிரவுசர், 2009இல் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோதும் தளங்களிடம் "9.80" என்றே சொல்லிக்கொண்டது.

பக்கத்தைக் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையோடும் வரும் யூசர் ஏஜென்ட் வரி, பிரவுசர் தன்னைப் பற்றித் தானே சொல்வது. குரோமின் வரியில் மொஸில்லாவும் இருக்கும், சஃபாரியும் இருக்கும். எட்ஜ் இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் தன் பெயருக்கு வரும். "சஃபாரி" என்று தேடுகிற நிரலுக்குக் குரோமும் சஃபாரிதான். இந்தப் பொய்யைப் பழக்கியதும் தளம் செய்பவர்கள்தான். தொண்ணூறுகளில் ஃப்ரேம் வைத்த, அதாவது திரையைப் பகுதிகளாகப் பிரித்த பக்கங்களை, தன்னை மொஸில்லா என்று சொன்ன நெட்ஸ்கேப் பிரவுசருக்கு மட்டும் கொடுத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொஸில்லா என்று சொல்லி உள்ளே வந்தது.

2023இலிருந்து ஆண்ட்ராய்ட் குரோம், எந்தப் போனென்றாலும் உண்மையான பதிப்பையும் மாடலையும் மறைத்து "ஆண்ட்ராய்ட் 10, கே" என்றே சொல்கிறது. அதைப் பார்த்து, வன்னி முழுக்க ஒரே போன் என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒபேரா மினி என்ற போன் பிரவுசர். சிக்னல் குறைந்த இடங்களில் டேட்டாவை மிச்சம்பிடிக்க உதவுவது. அதன் உச்சச் சேமிப்பு முறையில் பக்கத்தை ஒபேராவின் சேர்வர்தான் எடுத்துச் சுருக்கி அனுப்பும். உங்கள் லொக்கில் விழுவது அந்தச் சேர்வரின் ஐபி, அதாவது இணைய முகவரி. ஒரே ஐபியிலிருந்து நிறைய வருகிறதென்று தடுத்தால், சம்பந்தமில்லாத பலரையும் சேர்த்துத் தடுத்ததாகிவிடும். பயனரின் உண்மையான முகவரி, கோரிக்கையோடு வரும் எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர் என்ற வரியில் இருக்கும். ஆனால் அதை எவரும் எழுதி அனுப்பலாம் என்பதால், கோரிக்கை ஒபேராவின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்புங்கள்.

அந்தத் தளத்தில் பெயர்ச் சோதனையை எடுத்துவிட்டேன். படிவம், பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாமலே போகும், சரிபார்ப்பு சேர்வரில். படத்தைச் சுருக்கும் வசதி, அந்தப் பிரவுசரால் முடிந்தால் மட்டும் ஓடும். யூசர் ஏஜென்ட் லொக்கில் கிடக்கட்டும். யாராவது "திறக்குதில்லை" என்று கோல் எடுத்தால் தேட உதவும். பாதுகாப்புக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். பிரவுசர் இல்லாமல் பக்கங்களை எடுக்கும் கர்ல் கட்டளையில் ஒரு வரி போதும், என் பழைய லப்டொப்பும் ஐபோன் ஆகிவிடும்.