ராட்சத டயருக்குள் தங்கும் சூடு

மத்தியப் பிரதேசத்தின் சிங்ரவுலி நிலக்கரிச் சுரங்கத்தில் டம்பர் என்னும் ராட்சத லாரியை ஓட்டும் தன் அண்ணனைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஷிஃப்ட் பாதியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்களாம். காரணம் கேட்டால், முன் டயர் சூடாகிவிட்டது என்று பதில் வந்ததாம். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தபோது டயர் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கிறது. "கை பொறுக்கிற சூட்டுக்கு எதற்காக வண்டியை நிறுத்த வேண்டும்? நன்றாக இருக்கிற முன் டயரைக் கொஞ்ச நாளில் கழற்றிப் பின்னால் மாட்டுகிறார்களே, அது எதற்கு?" என்று கேட்கிறார். நல்ல கேள்விகள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சிங்ரவுலியிலும் சத்தீஸ்கரின் கெவ்ரா சுரங்கத்திலும் ஓடும் பெரிய டம்பர்களை '240 டன்' வண்டி என்பார்கள். அது அமெரிக்க டன் கணக்கு. மெட்ரிக் கணக்கில் சுமார் 220 டன். முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு இரட்டையாக நான்கு என மொத்தம் ஆறு டயர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், மூன்று டன்னுக்கு மேல் எடை. உலகிலேயே பெரிய டம்பரான பெலாரஸ் நாட்டின் பெலாஸ் 75710, நான்கு மீட்டர் உயர டயர்கள் எட்டின் மேல் 450 டன் சுமக்கிறது. நம் நெய்வேலியில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணைச் சக்கர வாளி இயந்திரங்கள் வெட்டித் தர, கன்வேயர்கள் சுமந்து போகின்றன. பாறையை வெடிவைத்துப் பெயர்க்கும் சுரங்கங்களுக்கு டம்பரே கதி.

டயர் ஏன் சூடாகிறது? தரையோடு உரசுவதால் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பெரும்பங்குச் சூடு ரப்பருக்குள்ளேயே பிறக்கிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போதும், கலவையிலுள்ள கரித்தூளோடு உரசும்போதும் ஒரு பங்கு வெப்பமாக மாறிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் காந்தத் தயக்கக் கண்ணி படித்திருப்பீர்கள். அதே கண்ணிதான் இங்கேயும். விசையும் நீட்சியும் அச்சுகள், கண்ணிக்குள் அடைபட்ட பரப்பு வீணாகும் வெப்பம். இயற்கை ரப்பரில் இந்தக் கண்ணி மெலிந்திருக்கும், கிழிசலையும் அது நன்றாகத் தாங்கும். அதனால்தான் இத்தகைய டயர்களின் கலவையில் இயற்கை ரப்பர் பெரும்பங்கு வகிக்கிறது.

சூடு பிறப்பது எல்லா டயருக்கும் பொது. பிறந்த சூடு எப்படி வெளியேறுகிறது என்பதில்தான் காரும் டம்பரும் பிரிகின்றன. இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

1822-இல் ஃபூரியே வெளியிட்ட வெப்பக் கடத்தல் சமன்பாட்டிலிருந்து எளிய முடிவு ஒன்று கிடைக்கிறது. ஒரு பொருளுக்குள் வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனைப் பொறுத்து நேர் விகிதத்தில் வளர்வதில்லை, தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. தடிமனின் வர்க்கத்தைப் பொருளின் வெப்பப் பரவல் எண்ணால் வகுத்தால் நேரம் தோராயமாகக் கிடைத்துவிடும். ரப்பருக்கு அந்த எண் நொடிக்குச் சுமார் 0.1 சதுர மில்லிமீட்டர். கார் டயரின் மேல்பகுதி, அதாவது டயர்க் கடையில் ட்ரெட் என்று சொல்வது, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். நூறை 0.1-ஆல் வகுத்தால் 1,000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். டம்பர் டயரில் எஃகு இழைப் பட்டைகளுக்கு மேல் சுமார் 100 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. பத்தாயிரத்தை 0.1-ஆல் வகுத்தால் 1,00,000 நொடி. மணியில் சொன்னால் ஏறத்தாழ 28!

பத்து மடங்கு தடிமன், நூறு மடங்கு நேரம். அதே 10 செ.மீ. எஃகாக இருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். கார் டயர் கிளம்பிய அரை மணிக்குள் தன் நிலையான வெப்பநிலையை அடைந்துவிடுகிறது. டம்பர் டயரோ திங்கட்கிழமை காலை ஓடத் தொடங்கினால் செவ்வாய்க்கிழமை வரை உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே இருக்கும். முதல் ஷிஃப்ட்டில் ஓட்டுநர் காட்டிய வேகத்துக்கான விலையை மூன்றாவது ஷிஃப்ட்காரர் கொடுக்க நேரிடும்.

கேழ்வரகுக் களியைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், மேலே ஆறியிருக்கும், பிட்டால் உள்ளே கொதிக்கும். வாசகரின் அண்ணன் தொட்டது அந்த மேல்தோலை. ஆபத்தான இடம் எஃகுப் பட்டைகளின் ஓரம், ட்ரெட்டின் தோள்பகுதிக்கு அடியில். அங்கே கை போகாது. டயர்ப் பொறியாளர்கள் ட்ரெட் கட்டியில் மெல்லிய துளையிட்டு, பட்டைக்குச் சற்று மேலே நிற்கும்படி ஊசி போன்ற வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறார்கள். நூறு டிகிரி செல்சியஸை நன்றாகத் தாண்டிவிட்டால் ரப்பரின் வலிமை குறையும், சங்கிலிகளைப் பிணைத்துவைத்த கந்தகப் பாலங்கள் அறுபடத் தொடங்கும். கடைசியில் ட்ரெட் எஃகுப் பட்டையை விட்டு உரிந்து வரும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத டயர் ஒரே மதியத்தில் குப்பைக்குப் போகும்.

இதைத் தவிர்க்கச் சுரங்கங்களில் ஓர் எண்ணைக் கண்காணிக்கிறார்கள். 'மணிக்கு டன்-கிலோமீட்டர்' என்று பெயர். ஒரு டயர் சுமக்கும் சராசரி எடையை, ஷிஃப்ட் முழுவதற்குமான சராசரி வேகத்தால் பெருக்கினால் போதும். ஒவ்வொரு டயருக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்சவரம்பு தந்திருப்பார். நம் டம்பருக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையேற்றியபின் ஆறு டயர்களும் ஏறக்குறைய ஆளுக்கு 64 டன் சுமக்கின்றன. காலியாகத் திரும்பும்போது பாரத்தில் பாதி முன்பக்கம் விழுகிறது. அங்கே இரண்டே டயர்கள் என்பதால் ஒன்றின் மேல் 40 டன், பின்னால் நான்கு என்பதால் ஒன்றின் மேல் 21 டன். சராசரி எடுத்தால் முன் டயருக்கு 52, பின் டயருக்கு 42.5. மணிக்கு 16 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் முன்னது 832, பின்னது 680. சுமை தூக்குவது பின்பக்கம் என்று எல்லோரும் நினைத்திருக்க, அதிகம் வேகிறது முன் டயர்!

அப்படியிருந்தும் புது டயரை முன்னால்தான் மாட்டுகிறார்கள். தடித்த ட்ரெட்டுக்குச் சூடும் அதிகம், முன்பக்கத்துக்கும் சூடு அதிகம் என்று பார்த்தால் முரணாகத் தோன்றும். ஆனால் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறிவிடும், அதனால் வெட்டுப்படாத டயர் அங்கே இருந்தாக வேண்டும். இழுவிசை பின் சக்கரங்களில் இருப்பதால் அங்கே தேய்மானமும் கூடுதல். முழு ட்ரெட்டையும் அங்கே கொண்டுபோய்த் தேய்ப்பது வீண். ஆகவே மூன்றில் ஒரு பங்கு தேய்ந்ததும் பின்னால் மாற்றுவது பரவலான வழக்கம். மெலிந்த ட்ரெட் சூட்டையும் சீக்கிரம் வெளியே விட்டுவிடும்.

பின்னால் போகும் டயருக்குச் சரியான ஜோடி கிடைக்க வேண்டும். இரட்டையில் ஒன்றின் விட்டம் மற்றதைவிட 2 செ.மீ. குறைவு என்று வையுங்கள். இரண்டும் ஒரே அச்சில் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றியாக வேண்டும். ஒரு சுற்றுக்கு 6.3 செ.மீ. வித்தியாசம், கிலோமீட்டருக்குச் சுமார் 91 சுற்று. ஆக ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஐந்தரை மீட்டருக்கு மேல் ஏதோ ஒரு டயர் வழுக்கித் தேய வேண்டும். பெரியது கூடுதல் பாரத்தையும் வாங்கிக்கொண்டு இன்னும் சூடாகும். லாரி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

கழற்றும் வேலையில் விளையாட்டே கூடாது. காற்றழுத்தம் ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் ஒரு பக்கச் சுவரின் மேல் உள்ளிருந்து 400 டன்னுக்கு மேல் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் லாக் ரிங் என்ற வளையம் நழுவினால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. இரட்டையில் வெளி டயரை மட்டும் கழற்றுவதானாலும், நட்டைத் தொடுவதற்கு முன்பே உள் டயரின் காற்றையும் சேர்த்து இறக்கிவிட வேண்டும்.

காற்று என்றதும் நம் ஊர் லாரிப் பட்டறைகளில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. கோடையில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதால் டயருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இந்த நம்பிக்கையோ ஆளைக் கொல்லும். 27 டிகிரியில் 100 பிஎஸ்ஐ வைத்த டயர் 87 டிகிரியில் சுமார் 123 காட்டும். இது வாயு விதிப்படி நடப்பது, டயரும் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் அந்தக் கூடுதலைப் பிடுங்கிவிட்டால் டயர் மேலும் நசுங்கும். நசுங்க நசுங்கச் சூடு ஏறும். அழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் அளந்து, குளிர்ந்த டயரில்தான் சரிசெய்ய வேண்டும்.

கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ரப்பர் விளைகிறது, கோட்டயத்தில் 1955 முதல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இருந்தும் இந்த ராட்சத டயர்களுக்கு நெடுங்காலம் இறக்குமதியையே பெரிதும் நம்பியிருந்தோம். இப்போது உள்நாட்டிலும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். குறைவாகச் சூடாகும் ரப்பர்க் கலவைக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. வீணாகும் வெப்பத்தில் மிச்சப்படும் ஒவ்வொரு பங்கும் டீசலிலும் மிச்சம், ஓட்டுநரின் உயிருக்கும் காப்பு.

கடைசியாக ஒன்று. இந்த டயர்களில் பல இடங்களில் நைட்ரஜன் நிரப்புகிறார்கள். மின்னல் தாக்கினாலோ, மின்கம்பி உரசினாலோ, ரிம்மில் வெல்டிங் வைத்தாலோ உட்புற ரப்பர் வெந்து எரிவாயுக்களை வெளியிடும். உள்ளே ஆக்சிஜன் இருந்தால் டயர் வெடிகுண்டாகிவிடும். அப்படிப்பட்ட சம்பவம் நடந்துவிட்டால் 300 மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது, 24 மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது என்பது சுரங்கப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒரு நாள் என்பது மிகையாகத் தோன்றினால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். வெளியே குளிர்ந்துவிட்ட டயருக்குள் வேதிவினை மணிக்கணக்கில் தொடரலாம். கெடு முடிந்து நெருங்கும்போதும் பக்கச் சுவருக்கு எதிரே நிற்காமல், ட்ரெட் இருக்கும் திசையிலிருந்துதான் வர வேண்டும்.