கஞ்சி மட்டும் எழுதாதேங்கோ பிள்ளை

பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்ச ஒரு அம்மாவுக்கு ரெண்டாவது நாள் சார்ட்ல "அரிசிக் கஞ்சி, உப்பு போட்டு, 200 மில்லி"ன்னு எழுதிட்டு அடுத்த வார்டுக்கு போயிட்டேன். டயட்டீஷியன் வேலைல ஒரு நாளைக்கு பத்து தடவை எழுதுற வரி அது, கை தானா எழுதிடும். சாயங்காலம் நர்ஸ் போன் பண்ணி, அந்தம்மா டம்ளரை தொடவே மாட்டேங்கறாங்க, சுவர் பக்கம் திரும்பி படுத்திருக்காங்கன்னு சொன்னாங்க. சுகர் பேஷன்ட் வேற, லோ ஆயிடுமேன்னு கொஞ்சம் கோவமாத்தான் போனேன். அவங்க திரும்பிப் பார்த்து மெதுவா சொன்னாங்க, "என்ன தந்தாலும் சாப்பிடுறன். கஞ்சி மட்டும் எழுதாதேங்கோ பிள்ளை."

வெளிய வந்து மகள்கிட்ட கேட்டப்போதான் தெரிஞ்சுது. இலங்கை வன்னிப் பகுதிக்காரங்க. 2009ல போர் முடியுற கடைசி மாசங்கள்ல ஊர் ஊரா நகர்ந்து நகர்ந்து கடைசியா முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனவங்க. அங்க அரிசி, தண்ணி, கிடைச்சா உப்பு, அவ்வளவுதான் சாப்பாடு, அதுக்கும் வரிசை. இப்பவும் ஒவ்வொரு மே மாசமும் அந்தக் கஞ்சியை காய்ச்சி பகிர்ந்து குடிச்சு நினைவுகூர்ற வழக்கம் இருக்கு. சிலர் அதை வருஷத்துக்கு ஒரு தடவை குடிச்சு நினைக்கிறாங்க, இந்தம்மாவால வாயில வைக்கவே முடியல, ரெண்டும் ஒரே நினைவுதான்னு எனக்கு தோணுச்சு. (ஆளை அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அப்புறம் ஓ.பி.க்கு வர ஆரம்பிச்சாங்க. மூணு மாச சராசரி சுகர், அதான் ஹெச்பிஏ1சி, 10.4, ரொம்ப அதிகம். மகளோட கம்ப்ளெயின்ட் வேற மாதிரி. வீட்ல அரிசி மூட்டை ரெண்டு எப்பவும் இருக்கணும், பீரோல துணிக்கு நடுவுல பிஸ்கட் பாக்கெட், தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்ல, பசங்க வைச்ச மிச்சத்தையும் அவங்களே சாப்பிட்டு முடிச்சிடுறாங்க. "அம்மாக்கு சாப்பாட்டு ஆசை கூடன்னு இவர் சொல்றார் மேடம்"னு மகள் சங்கடமா சொன்னாங்க. நானும் மனசுக்குள்ள அப்படித்தான் நினைச்சிருந்தேன், பொய் சொல்ல விரும்பல. ஃபைல்ல "ஒத்துழைப்பு இல்லை"ன்னு ஏற்கனவே எழுதியிருந்தேன்.

பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு நாம எல்லாரும் சொல்றோம், அந்த பத்து என்னன்னு கேட்டா நிறைய பேருக்கு தெரியாது. நல்வழில ஔவையார் லிஸ்ட் போட்டிருக்காங்க: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை, கடைசியா காமம். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்த பாட்டு. ஆனா 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டா யுனிவர்சிட்டில ஆன்செல் கீஸ்ங்கற விஞ்ஞானி நடத்துன பட்டினி ஆராய்ச்சியை படிச்சா, ஔவை போட்ட லிஸ்டை டிக் அடிச்சுக்கிட்டே போகலாம்.

அதுல கலந்துக்கிட்டது 36 இளைஞர்கள், எல்லாரும் மனசாட்சிப்படி துப்பாக்கி தூக்க மாட்டோம்னு ராணுவத்துக்கு போக மறுத்தவங்க, ஐரோப்பாவுல போரால பட்டினி கிடக்கிறவங்களுக்கு எப்படி திரும்ப சாப்பாடு குடுக்கறதுன்னு கண்டுபிடிக்கத்தான் தானா முன்வந்து பட்டினி கிடந்தாங்க. அதாவது சாதாரண ஆளுங்களை விட கொள்கைப் பிடிப்பு அதிகமானவங்க. முதல்ல 12 வாரம் நல்ல சாப்பாடு, அப்புறம் 24 வாரம் உருளை, டர்னிப், முட்டைக்கோஸ், ரொட்டி, மக்ரோனின்னு ஒரு நாளைக்கு சராசரி 1570 கலோரி, கூட வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடைல கால்வாசி போச்சு. அதைவிட முக்கியம் மத்ததெல்லாம் போனது. யுனிவர்சிட்டி கிளாஸுக்கு போயிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க, சிரிப்பு போச்சு, பெண்கள் மேல இருந்த ஆர்வம் போச்சு, தட்டை நக்குனாங்க, சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க, ராத்திரி அதைத்தான் படிக்கிறது. திருட்டுத்தனமா சாப்பிட்டவங்களும் இருந்தாங்க, அதனால வெளிய போனா ஜோடியாத்தான் போகணும்னு ரூல் வந்துச்சு. பட்டினி முடிஞ்சு சாப்பாடு கூட்டுனதும் எல்லாம் சரியாயிடும்னு நினைச்சா, அதுவும் இல்ல. தடை எடுத்ததும் வயிறு முட்ட சாப்பிட்டுட்டும் "இன்னும் பசிக்குது"ன்னாங்க, அது பல வாரம் தொடர்ந்துச்சு. யோசிச்சு பாருங்க, பாதுகாப்பான இடம், டாக்டர் பக்கத்துலயே, முடியுற தேதி முன்னாடியே தெரியும், அப்பவே இப்படி. குண்டு விழுற இடத்துல, எப்ப முடியும்னு தெரியாம இருந்தவங்களை அதோட ஒப்பிடவே முடியாது.

அந்த 1570 என்னை தூங்க விடல. ஏன்னா எடை குறைக்க வர்றவங்களுக்கு நாங்க எழுதிக் குடுக்கறதும் பெரும்பாலும் அதுக்கு பக்கத்துலதான். எல்லாருக்கும் அது பட்டினின்னு சொல்லல, உடல் உழைப்பு, எடை, வயசு எல்லாம் பாக்கணும், ஆனா "உங்களுக்கு கன்ட்ரோல் இல்ல"ன்னு பேஷன்டை திட்டும்போது இப்ப நாக்கு கொஞ்சம் தயங்குது. இன்னொரு கணக்கும் போட்டு பார்த்தேன். தாது வருஷப் பஞ்சத்துல, 1877ல, நிவாரண வேலைல மண்ணு வெட்டுற ஆம்பளைக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்புன அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயிச்ச கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டுன்னா 450 கிராம், அரிசின்னு வெச்சா சுமார் 1600 கலோரிதான். மெட்ராஸ் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது பத்தாதுன்னு சண்டை போட்டார், சில மாசம் கழிச்சுதான் கூட்டுனாங்க. நம்ம வீடுகள்ல அரிசி தீர்ந்துடுச்சுன்னு சொல்லக்கூடாது, "நிறைஞ்சிருக்கு"ன்னுதான் சொல்லணும்னு பாட்டிங்க அதட்டுவாங்க இல்ல, அதுல அந்த பஞ்சத்தோட பயம் கொஞ்சம் ஒட்டியிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் எல்லாம் இல்ல, என் ஊகம்.

பசி அடுத்த தலைமுறை உடம்புலயும் எழுதும். 1944 கடைசில நெதர்லாந்துல ரயில் ஸ்ட்ரைக் நடந்ததுக்கு பழிவாங்க ஜெர்மன்காரங்க மேற்குப் பகுதிக்கு சாப்பாடு போறதை தடுத்தாங்க, கிட்டத்தட்ட 20,000 பேர் செத்தாங்க, டூலிப் கிழங்கை வேகவெச்சு தின்னாங்க. அந்தக் குளிர்காலத்துல அம்மா வயித்துல இருந்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தப்போ, ஐம்பது வயசுல சர்க்கரையை கையாளுற திறன் அவங்களுக்கு குறைவா இருந்துச்சு. 2008ல வந்த ஆய்வுல, கரு உருவான சமயத்துல பசி பட்டவங்களோட ஒரு ஜீன் மேல அறுபது வருஷம் கழிச்சும் அடையாளம் தெரிஞ்சுது. அதைப் படிச்சதுல இருந்து சுகர் பேஷன்ட்கிட்ட "உங்க அம்மா உங்களை சுமந்தப்போ வீட்டு நிலைமை எப்படி"ன்னும் கேக்குறேன், சிலர் விநோதமா பாக்குறாங்க, சிலர் அரை மணி நேரம் பேசுறாங்க.

ஒரு விஷயம் அவசரமா சொல்லணும், இது உயிர் சம்பந்தப்பட்டது. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவங்களுக்கு இரக்கப்பட்டு ஒரேயடியா சாப்பாடு போடாதீங்க. 1945 ஏப்ரல் 15 ஜெர்மனில நாஜிகளோட பெர்கன்-பெல்சன் வதை முகாமை பிரிட்டிஷ் படை விடுவிச்சதுக்கு அப்புறமும் 13,000 பேருக்கு மேல இறந்தாங்க. டைஃபஸ் காய்ச்சலும் பட்டினியும்தான் பெரிய காரணம், ஆனா சிப்பாய்ங்க நல்ல மனசோட குடுத்த டின் சாப்பாடும் சிலரை கொன்னுச்சு. 1943 வங்காளப் பஞ்சத்துல பயன்படுத்துன ஒரு பால் கலவையை அங்க கொண்டு வந்தாங்க, பாவம், ரொம்ப இனிப்பா இருக்குன்னு நிறைய பேரால குடிக்க முடியல. பட்டினி உடம்புக்கு திடீர்னு மாவுச்சத்து வந்தா இன்சுலின் ஏறும், ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டுனு இறங்கும், இதயம் நின்னு போகலாம். இன்னைக்கும் நடக்குது, குடிப்பழக்கத்துல சாப்பாட்டையே விட்டவங்க, தனியா கிடந்த முதியவங்க, அஞ்சு நாளுக்கு மேல சரியா சாப்பிடாதவங்க யாரா இருந்தாலும் முதல்ல ஆஸ்பத்திரி, ரத்த டெஸ்ட், தயமின் (பி1 வைட்டமின்), அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா.

அந்த அம்மா விஷயத்துல, நானும் மகளும் முதல்ல பீரோவை காலி பண்றதைப் பத்திதான் பேசினோம். அவங்க கேட்டுட்டு, "விளங்குது பிள்ளை, ஆனா வீட்டில சாமான் குறைஞ்சா எனக்கு நித்திரை வராது"ன்னாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. அதனால மூட்டையை தொடல, ஒரு மூட்டை அரிசிக்கு பதிலா பயறும் கடலையும் வாங்கி வெக்க சொன்னேன், பிஸ்கட் டப்பால வறுத்த கச்சான், அதான் நிலக்கடலை. ராத்திரி முழிச்சா போய் பார்த்துக்கலாம், தின்னாலும் சுகர் அவ்வளவு ஏறாது. கூடவே மனநல டாக்டர்கிட்டயும் அனுப்பினேன், முதல்ல மறுத்தாங்க, அப்புறம் மகளோட போயிட்டு வந்தாங்க. ஃபைல்ல எழுதுன அந்த வரியை அடிச்சிட்டேன்.

போன மாசம் ஹெச்பிஏ1சி 8.1. மூட்டை ரெண்டும் அங்கயேதான் இருக்குன்னு மகள் சொன்னாங்க.