நிபுணர்களே ஒத்துப்போகவில்லை, நாங்கள் யாரை நம்புவது?

கொரோனா காலத்தில் நோயாளிகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். "டாக்டர், ஒருத்தர் தடுப்பூசி போட்டுக்கோங்கிறார், இன்னொருத்தர் அவசரப்படாதீங்கங்கிறார். ரெண்டு பேருமே பெரிய படிப்புப் படிச்சவங்க. போன மாசம் ஒண்ணு சொன்னவரே இந்த மாசம் வேற சொல்றார். நாங்க எதைக் கேட்கிறது?"

கேட்டவர்கள் யாரும் தடுப்பூசிக்கு எதிரிகள் இல்லை. வயதான அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதே, மகள் கர்ப்பமாக இருக்கிறாளே என்று கவலைப்பட்டு வந்தவர்கள். "பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினால் அந்தக் கவலை தீராது. அடுத்த பெருந்தொற்று வரும்போது இதே கேள்வியும் கூடவே வரும். பதற்றம் இல்லாத நேரத்திலேயே அதைப் பேசிவிடுவது நல்லது.

நிபுணர்கள் முரண்படுவதாகத் தோன்றிய பல இடங்களில், அவர்கள் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைரஸ் ஆய்வாளர் தொற்று வராமல் தடுக்குமா என்று பார்க்கிறார். ஐசியுவில் நிற்கும் மருத்துவர் உயிர் பிழைக்க உதவுமா என்று பார்க்கிறார். பொது சுகாதாரத்தில் இருப்பவருக்குக் கையிருப்பில் உள்ள டோஸை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதுதான் கவலை. மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிப்பவரோ லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான்கு பேரின் பதிலையும் ஒரே திரையில் ஒவ்வொரு வரியாகக் காட்டினால், பார்ப்பவருக்கு அது சண்டையாகத்தான் தெரியும்.

பலரும் மனப்பாடமாகச் சொன்ன அந்த 95 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 2020இல் ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியைச் சுமார் 43,000 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. இரண்டாவது டோஸுக்கு ஒரு வாரம் கழித்து, அறிகுறிகளோடு கொரோனா வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். தடுப்பூசி போட்ட பக்கம் 8 பேர், போடாத பக்கம் 162 பேர். இந்த இரண்டு எண்களிலிருந்துதான் 95 வந்தது. "நூறு பேர் போட்டால் 95 பேருக்கு வராது, 5 பேருக்கு வந்துவிடும்" என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது சரியில்லை. தடுப்பூசி இல்லாவிட்டால் 20 பேர் நோயில் விழுந்திருக்கும் இடத்தில், தடுப்பூசியோடு ஒருவர் விழுந்தார் என்பதுதான் அதன் பொருள். அதுவும் முதல் சில மாதங்களுக்கு, அன்று சுற்றிக்கொண்டிருந்த வைரஸுக்கு எதிராக. அறிகுறியே இல்லாமல் தொற்றி அடுத்தவருக்குப் பரவுவதை அந்தச் சோதனை அளக்கவே இல்லை.

ஆனால் நிபுணர்களில் சிலர் அதற்கும் சேர்த்து உறுதி கொடுத்துவிட்டார்கள். அப்புறம் டெல்டா என்ற புதிய வகை வைரஸ் வந்தது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ப்ராவின்ஸ்டவுன் என்ற சுற்றுலா ஊரை ஒட்டி ஒரு பரவல் ஏற்பட்டது. கண்டறியப்பட்ட 469 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் அறிவுரையை மாற்றியது. "பார்த்தீர்களா, வேலை செய்யவில்லை" என்று ஊரெல்லாம் பேச்சு. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது: அந்த 469 பேரில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 5 பேர். ஒருவர்கூட இறக்கவில்லை.

தொற்று வருகிறது, உயிர் போவதில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? தடுப்பூசி போட்டதும் ரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் ஏறுகின்றன. சில மாதங்களில் அவை குறைந்துவிடும். அது உடலின் இயல்பு. ஆனால் அவற்றை மறுபடி உருவாக்கத் தெரிந்த நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. அவை விழித்து வேலையைத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். தட்டம்மை உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட ஏறக்குறைய 10 முதல் 14 நாட்கள் ஆவதால் நினைவு செல்களுக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது. டெல்டாவுக்குப் பிறகு வந்த ஒமைக்ரான் வகை வைரஸ் மூன்று நாளிலேயே மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடும். அதனால் சளியும் காய்ச்சலும் வந்துவிடுகின்றன. அது நுரையீரலைப் பிடிக்க முயலும்போது உடல் தயாராக இருக்கிறது. இதை முதலிலேயே பொறுமையாகச் சொல்லியிருந்தால், 2021இல் போன நம்பிக்கையில் பாதியாவது போகாமல் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

அடுத்தது ரத்த உறைவு விவகாரம். என்னிடம் வந்தவர்களை மிகவும் குழப்பியது இதுதான். நிபுணர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று காட்டுவதும் இதுதான். 2021 மார்ச்சில், ஆஸ்ட்ராசெனகா (இந்தியாவில் கோவிஷீல்ட்) தடுப்பூசி போட்டவர்களில் மிகச் சிலருக்கு விசித்திரமான ஒரு நோய் வருவதை ஐரோப்பிய மருத்துவர்கள் கவனித்தார்கள். மூளையின் ரத்தக்குழாய்களில் அடைப்பு, அதோடு பிளேட்லெட் எண்ணிக்கையில் சரிவு. ரத்தம் உறையும், அதே சமயம் உறையவைக்கும் பிளேட்லெட்டுகளும் குறையும். ஏப்ரல் 7 அன்று, இது மிக அரிதான பக்கவிளைவு, ஆனாலும் தடுப்பூசியின் நன்மையே அதிகம் என்று ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது.

சரி, அப்படியானால் எல்லா நாடுகளும் ஒரே முடிவைத்தானே எடுத்திருக்க வேண்டும்? பிரான்ஸ் 55 வயதுக்கு மேல் மட்டும் என்றது. ஜெர்மனி 60 என்றது. பிரிட்டன் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி என்று சொல்லி, ஒரே மாதத்தில் அதை 40 ஆக்கியது. டென்மார்க் அந்த ஊசியையே நிறுத்தியது. இந்தச் செய்திகளைக் காட்டித்தான் "இவர்களுக்கே தெரியவில்லை" என்றார்கள்.

ஆபத்துக் கணக்குகளை மக்களுக்கு விளக்கிவந்த, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வின்டன் மையம் அப்போது தயாரித்த கணக்கைப் பாருங்கள். தொற்று குறைவாகப் பரவும் சூழலில், 20 முதல் 29 வயது வரையிலான ஒரு லட்சம் பேருக்குப் போட்டால், 16 வாரங்களில் ஐசியு அனுமதி 0.8 குறையும், உறைவு பாதிப்பு 1.1 பேருக்கு வரலாம். அதே சூழலில் 60 முதல் 69 வயதினருக்கு ஐசியு அனுமதி 14.1 குறையும், உறைவு பாதிப்பு 0.2 தான். தொற்று வேகமாகப் பரவும்போது இளைஞர்களின் கணக்கே மாறி, ஐசியு அனுமதியில் 6.9 குறையும். உறைவு பாதிப்பு அதே 1.1. ஊசி ஒன்று, பக்கவிளைவும் ஒன்று. வயதும், ஊரில் எவ்வளவு வைரஸ் சுற்றுகிறது என்பதும், மாற்று ஊசி கையில் இருக்கிறதா என்பதும் சேர்ந்து முடிவை மாற்றுகின்றன. டென்மார்க்கில் தொற்று கட்டுக்குள் இருந்தது, வேறு தடுப்பூசிகளும் கிடைத்தன. அங்கே நிறுத்தியது சரி. அலை அடிக்கும் இடத்தில், மாற்று எதுவும் இல்லாத நிலையில், முதியவர்களுக்கு அதே ஊசியைப் போட்டதும் சரி.

நோயே வராமல் போனால் சின்ன ஆபத்துகூடப் பெரிதாகிவிடும். 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றாகும் என்று பயந்து சுமார் 4.5 கோடி பேருக்கு ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவில்லை. ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்க வைக்கும் கியான்–பாரே என்ற நோய் கூடுதலாகத் தெரிந்தது. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். அன்று தயங்கிய நிபுணர்களை யாரும் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் என்று சொல்ல முடியாது.

உறைவு விவகாரத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கவிளைவு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதால்தான் என் போன்றவர்களுக்கு அதைச் சரியாக அணுகத் தெரிந்தது. ஊசி போட்ட நான்கு நாளிலிருந்து ஒரு மாதம் வரைக்குள் விடாத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், தோலில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் என்று யாராவது வந்தால் உடனே பிளேட்லெட் பார்க்க வேண்டும். வழக்கமாக உறைவுக்குக் கொடுக்கும் ஹெப்பாரினை இவர்களுக்குத் தவிர்க்க வேண்டும். மறைத்திருந்தால் இந்த அறிவு எங்களுக்கு வந்தே சேர்ந்திருக்காது. இளைஞர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசியின் இரண்டாவது டோஸுக்குப் பிறகு சில நாட்களில் அரிதாக வரும் இதயத்தசை அழற்சிக்கும் இதே பேச்சுதான். நெஞ்சுவலி என்றால் வீட்டிலேயே படுத்திருக்கக் கூடாது.

"மருத்துவமனையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள்தானாமே" என்று ஒருவர் செய்தியைக் காட்டிக் கேட்டார். அவருக்குக் காகிதத்தில் ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 10,000 முதியவர்களில் 9,500 பேர் போட்டுவிட்டார்கள், 500 பேர் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். போடாதவர்களில் பத்தில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் 50 பேர். போட்டவர்களில் நூறில் ஒருவர் போனால் 95 பேர். வார்டுக்குள் எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு தடுப்பூசி போட்டவர்கள். ஆபத்தோ அவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குதான். எல்லோரும் போட்டுவிட்டால் வார்டில் இருப்பவர்கள் எல்லோருமே போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

பெருந்தொற்று நடுவே ஊசி போட்டால்தான் புதிய வகை வைரஸ்கள் உருவாகும் என்றும் ஒரு வாதம் வந்தது. ஆல்ஃபா என்ற வகை பிரிட்டனில் 2020 செப்டம்பர் மாதிரிகளிலேயே இருந்தது. டெல்டா இந்தியாவில் அதே ஆண்டு அக்டோபர் மாதிரிகளில் கிடைத்தது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு ஊசி தொடங்கியதே டிசம்பர் 8 அன்றுதான். வைரஸ் பெருகும் ஒவ்வொரு உடலிலும் அது மாறுவதற்கு வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களைத் தாண்டிச் செல்லும் வகைகள் முந்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஒமைக்ரான் அப்படித்தான் பரவியது. அந்த எதிர்ப்புச் சக்தி நோய் வந்து குணமானவர்களுக்கும் இருந்தது. ஊசியை நிறுத்தினால் அந்த அழுத்தம் போய்விடாது, சாவுதான் கூடும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. முதல் சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. தரவு இல்லாததால் 2020 டிசம்பரில் பிரிட்டன் அவர்களுக்கு ஊசி வேண்டாம் என்றது. அமெரிக்காவில் விரும்புபவர்களுக்கு மறுக்க வேண்டாம் என்று மகப்பேறு மருத்துவர் அமைப்பு சொன்னது. அங்கே போட்டுக்கொண்ட சுமார் 90,000 கர்ப்பிணிகளின் தகவலைப் பார்த்த பிறகு, 2021 ஏப்ரலில் பிரிட்டனும் போடலாம் என்றது. கர்ப்ப காலத்தில் கொரோனா தீவிரமாகும் என்பது இதற்குள் தெளிவாகிவிட்டது. முதலில் "வேண்டாம்" என்று கேட்ட காது, பிறகு சொன்ன "போடுங்கள்" என்பதை லேசில் ஏற்கவில்லை. எவ்வளவு விளக்கியும் மறுத்த கர்ப்பிணிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை கர்ப்பிணிகளையும் முன்கூட்டியே ஆய்வுகளில் சேர்க்க வழி செய்ய வேண்டும்.

யாரை நம்புவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இது. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எந்த வயதில் என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். கருத்தை மாற்றினால், எந்தப் புதிய தகவலால் மாற்றினார் என்று காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். "நூறு சதவீதம் பாதுகாப்பு" என்பவரையும் "முழுக்க விஷம்" என்பவரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

கொரோனா ஊசி பற்றிய சத்தத்தில் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகள் காதில் விழாமல் போய்விட்டன. 2020இல் ஆப்பிரிக்காவை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, ஊசி போட வெளியே வருவதால் தொற்று ஏற்பட்டு நேரக்கூடிய ஒவ்வொரு மரணத்துக்கும் எதிராக 84 குழந்தைகளின் மரணத்தைத் தடுக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆனாலும் பயத்தில் பலர் வரவில்லை, பல இடங்களில் முகாம்களே நின்றன. 2021இல் மட்டும் உலகம் முழுக்க 2.5 கோடிக் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசியில் ஒரு டோஸையாவது தவறவிட்டார்கள். 2022இல் தட்டம்மை மரணங்கள் முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் கூடி, சுமார் 1,36,000 ஆயின.

அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பெரும்பாலான ஊசிகளை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட டோஸிலிருந்து தொடரலாம். ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து போன்ற சிலவற்றுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. அட்டை தொலைந்துவிட்டது என்றாலும் தயங்க வேண்டாம். போட்டதற்குப் பதிவு இல்லை என்றால் மறுபடி போடுவதில் பொதுவாகத் தீங்கில்லை.