தூங்கி எழுந்த கணினியும் ஆள் மாறிய பென் டிரைவும்

மடிக்கணினியில் பென் டிரைவ் செருகியிருக்கிறது. அதில் உள்ள ஒரு கோப்பு திறந்த நிலையில் இருக்கிறது. அப்படியே மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போகிறோம். பென் டிரைவின் சின்ன விளக்கு படபடவென்று சிமிட்டிவிட்டு அணைகிறது. அந்தச் சிமிட்டலுக்குள் நடக்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல.

கோப்பைச் சேமித்தவுடன் அது டிரைவுக்குப் போய்விட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் இயங்குதளம் அதை ரேமில் ஓர் ஓரமாக வாங்கி வைத்துக்கொண்டு, 'ஆயிற்று' என்று சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக எழுதும். அந்த ஓரத்துக்குத்தான் கேச் என்று பெயர். லினக்ஸ் இயங்குதளத்தில் மாற்றிய தரவு சுமார் 30 நொடி வரை இப்படிக் காத்திருக்கலாம். விண்டோஸ் 10-ல், 2018-ல் வந்த 1809 பதிப்பிலிருந்து, கழற்றக்கூடிய டிரைவுகளுக்கு 'விரைந்து அகற்றல்' என்ற முறை இயல்பாகவே அமைந்திருக்கிறது. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, எழுதுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்ற முடிவு அது. நல்ல முடிவு.

மூடியைச் சாத்தியதும் தூங்கப் போகும் கணினி இந்தக் கேச்சைத்தான் முதலில் கவனிக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தால் வரிசை தெளிவாகத் தெரியும். எழுதாமல் மிச்சமிருப்பதை டிரைவுகளுக்கு அனுப்புகிறது. ஓடுகிற நிரல்களை அப்படியே உறையவைக்கிறது. அப்புறம் சாதனங்களை ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கிறது. கிளையின் நுனியிலிருந்து அடிமரத்துக்கு வருவதுபோல, முதலில் டிரைவ், பிறகு அது செருகியிருக்கும் ஹப் (பல துளைகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பி), கடைசியில் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி. எழும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும்.

சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் இரண்டு கட்டளைகள் உண்டு. டிஸ்குக்குள்ளேயே இருக்கும் தனி கேச்சைத் தட்டில் எழுதச் சொல்வது ஒன்று, மோட்டாரை நிறுத்தச் சொல்வது இன்னொன்று. பக்கத்தில் காதை வைத்தால் 'க்ளிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். படிக்கும் முனை தட்டை விட்டு விலகித் தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அது.

பென் டிரைவ் தூங்குவதில் இரண்டு விதம். யூ.எஸ்.பி. கம்பியில் 3 மில்லி நொடிக்கு எந்த அசைவும் இல்லையென்றால் சாதனம் தானாகவே ஒடுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விழித்திருக்கும்போது யூ.எஸ்.பி. 2.0 சாதனம் 500 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கலாம்; ஒடுங்கியபின் 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆனால் அந்தத் துளி மின்சாரம் போதும், கணினி தனக்குக் கொடுத்த முகவரி எண்ணை அது மறக்காமல் வைத்திருக்கும். கோழித் தூக்கம் மாதிரி. தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சிக்கல் வருவது இன்னொரு விதத்தில். பல கணினிகள் தூக்கத்தில் யூ.எஸ்.பி. துளைகளுக்குப் போகும் 5 வோல்ட்டையே நிறுத்திவிடுகின்றன. ரேமில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு மொத்தமாக அணையும் ஹைபர்னேட்டில் இது சர்வசாதாரணம். மின்சாரம் போனால் பென் டிரைவுக்கு அந்த முகவரி எண் மறந்துவிடும். கணினி எழும்போது அது புதிதாகச் செருகிய டிரைவாகத்தான் வந்து நிற்கும். கணினியின் கண்ணுக்கு, பழைய டிரைவை யாரோ பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகியது மாதிரிதான் தெரியும். மேக் கணினியைத் திறந்ததும் 'டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை' என்று எச்சரிக்கை வருகிறதே, யாரும் தொடாமலே அது வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்போது இயங்குதளம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இது அதே டிரைவ்தானா? லினக்ஸ், தயாரிப்பாளர் எண், மாடல் எண், வரிசை எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, பொருந்தினால் அதே டிரைவ் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். லினக்ஸையே யூ.எஸ்.பி. டிரைவிலிருந்து ஓட்டுகிறவர்களை நினைத்தால் இதன் தேவை புரியும். எழுந்ததும் அந்த டிரைவ் 'காணோம்' என்று முடிவு கட்டினால், நிற்கிற தரையே போய்விடும்.

ஆனால் இந்த அடையாளச் சோதனையில் ஓட்டை இருக்கிறது. மெமரி கார்டுகளைச் செருகிப் படிக்கும் கார்டு ரீடரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெல்லாம் ரீடருக்குத்தான். கணினி தூங்கும்போது உள்ளே இருக்கும் கார்டை மாற்றிவிட்டால் வெளியே எதுவும் மாறாது. சுத்தமான ஆள் மாறாட்டம். ரேமிலோ பழைய கார்டின் வரைபடம் இருக்கிறது: எந்தக் கட்டம் காலி, எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பு என்ற ஃபேட் அட்டவணை. 5,000-வது கட்டம் காலி என்று அது சொல்கிறது. புதுக் கார்டில் அதே இடத்தில் ஒரு புகைப்படத்தின் நடுப்பகுதி இருக்கிறது. கணினி நம்பிக்கையோடு அதன்மேல் எழுதுகிறது. பிறகு பழைய அட்டவணையையும் புதுக் கார்டின்மேல் பதிக்கிறது. அத்தோடு ஒரு படம் அல்ல, மொத்தக் கார்டும் குழம்பிப்போகும். எண்களை ஒப்பிட்டு அதே டிரைவ் என்று ஏற்கும் இந்த வசதி ஆபத்தானது என்று கர்னல் ஆவணமே வெளிப்படையாக எச்சரிக்கிறது.

அதே டிரைவாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. தூங்கும் கணினியிலிருந்து பிடுங்கி, வேறொரு கணினியில் சில கோப்புகளை ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து செருகினால் வரிசை எண்கூடச் சரியாகப் பொருந்தும். ஆள் அவரேதான், கணக்கு மட்டும் மாறிவிட்டது. ஹைபர்னேட்டில் இந்த இடைவெளி நாள்கணக்கில்கூட நீளலாம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருந்தால் லினக்ஸ் அதன் டிரைவில் எழுத மறுத்துவிடும். தூங்குகிறவரின் கணக்கில் கை வைக்கக் கூடாது என்ற நியாயமான மறுப்பு.

தூங்குமுன் கணினியே டிரைவை எஜெக்ட் செய்துவிடலாமே, அதாவது முறையாக வெளியேற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம்தான், ஆனால் திறந்திருக்கும் கோப்புகளை இயங்குதளம் தன் இஷ்டத்துக்கு மூட முடியாது. அவை நிரல்களின் பிடியில் இருக்கின்றன. அதனால் தூக்கம் வேறு, எஜெக்ட் வேறு. விளக்கு அணைந்திருப்பது டிரைவைக் கழற்றுவதற்கான அனுமதி ஆகாது. மூடியைத் திறந்து, கணினி எழுந்ததும் எஜெக்ட் செய்து, பிறகு எடுப்பதுதான் வழி.

தெரியாமல் பிடுங்கிவிட்டால்? வேறு எங்கும் செருகவில்லை என்றால், அதே துளையில் திரும்பச் செருகிவிட்டுக் கணினியை எழுப்புங்கள். வேறு கணினியில் செருகி ஏதாவது எழுதிவிட்டீர்கள் என்றால் நேர்மாறாகச் செய்ய வேண்டும். டிரைவ் இல்லாமலே கணினியை எழுப்புங்கள். டிரைவ் போய்விட்டது என்று அது உணர்ந்து பழைய வரைபடத்தைத் தூக்கி எறியட்டும். திறந்திருந்த கோப்பைக் கணினியின் சொந்த வட்டில் வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அதன் பிறகு டிரைவைச் செருகுங்கள்.