எக்கோ சேம்பர்: தமிழில் ‘எதிரொலி அறை’ என்பது சரியா?

அரசியல் பேச்சிலும் மத விவாதத்திலும் ‘அவர் எக்கோ சேம்பருக்குள் இருக்கிறார்’ என்று சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் எதிர்த் தரப்பைப் பார்த்துத்தான் சொல்கிறோம். தன்னைப் போலவே நினைப்பவர்களின் குரல் மட்டும் காதில் விழும் இடம் என்பது அதன் பொருள். ஒரே கருத்து பத்துப் பேர் வாயிலிருந்து திரும்பி வரும்போது, உலகமே அப்படித்தான் நினைக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

முதலில் இந்தச் சொல் நிஜமான ஓர் அறையைக் குறித்தது. வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கெட்டியான, வழவழப்பான சுவர்களோடு ஒரு வெற்று அறை கட்டுவார்கள். உள்ளே ஒரு பக்கம் ஒலிபெருக்கி, இன்னொரு பக்கம் மைக். பாடகரின் குரலை உள்ளே அனுப்பினால் சுவர்களில் பட்டுப் பட்டுக் கனத்துத் திரும்பும். அதை மூலக் குரலோடு கலப்பார்கள். ஹாலிவுட்டில் 1956 முதல் இயங்கும் கேப்பிட்டல் ஸ்டுடியோவின் நிலத்தடி அறைகள் இதற்குப் பேர்போனவை. அந்த அறைக்குள் இன்னொருவர் குரல் சேர்வதே இல்லை. இருப்பது ஒரே குரல்தான், அது பெரிய மண்டபமே பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. கருத்துலகத்துக்கு இந்த உவமை பொருந்துவது அதனால்தான்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன் 2001இல் இணையத்தையும் மக்களாட்சியையும் பற்றி எழுதியபோது இச்சொல்லைக் கையாண்டார். 2011இல் ஈலை பாரிசர் என்பவரின் புத்தகம் வழியாக ‘ஃபில்டர் பபுள்’, அதாவது வடிகட்டிக் குமிழி, பரவியது. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். குமிழியை நமக்காக ஊதுவது, நமக்கு எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் இணையதளங்களின் அல்காரிதம். அறையைக் கட்டுவதோ நாமேதான். பிடிக்காத கருத்து சொன்னவரை மியூட் செய்யும் ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல் ஏறுகிறது. (வசைபாடுகிறவரையும் மிரட்டுகிறவரையும் பிளாக் செய்வது வேறு விஷயம். அது தற்காப்பு.)

சரி, தமிழுக்கு வருவோம். கிரேக்கப் புராணத்தில் எக்கோ ஒரு மலைத்தேவதை. தானாகப் பேச முடியாமல், பிறர் பேச்சின் கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்லும்படி சபிக்கப்பட்டவள். தமிழிலும் ‘சிலம்பு’ என்ற சொல்லுக்கு மலை என்றும் எதிரொலி என்றும் பொருள் உண்டு. ஆனால் ‘சிலம்பறை’ என்றால் இன்று கால்சிலம்புதான் நினைவுக்கு வரும். வழக்கில் இருப்பது ‘எதிரொலி அறை’. ஒலியியலுக்கு அது சரியான சொல். கருத்துலகத்தில்தான் எனக்கு அது உறுத்துகிறது. அந்த அறையில் இல்லாத ஒரே பொருள் ‘எதிர்’. எதிர்க்குரல் இல்லை என்பதைச் சொல்ல வந்த சொல்லே ‘எதிர்’ என்று தொடங்கினால் புதிதாகக் கேட்பவர் குழம்புவார். ‘தன்னொலி அறை’ என்பதே என் பரிந்துரை.

அந்த அறையின் கதவைத் திறக்கும் சொல்லும் நம்மிடம் இருக்கிறது: பரபக்கம். வடமொழி வேர்ச்சொல்தான், பிறர் தரப்பு என்று பொருள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகள் கொண்டது. தன் தரப்பான சுபக்கம் இரண்டாவதுதான். பரபக்கத்தில், கடவுளே இல்லை என்னும் உலகாயதன் தொடங்கிப் பதினான்கு தரப்புகள். ஒவ்வொன்றையும் முதலில் அதன் வாதமாகவே எடுத்துச் சொல்லி, அப்புறம்தான் ‘மறுதலை’ என்ற தலைப்பில் மறுக்கிறார். நன்னூல் எழுவகை மதங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது: ‘பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவே’. இங்கே ‘மதம்’ என்றால் கொள்கை. முதலில் மேற்கொள், பிறகு களை. தனித்தமிழ் வேண்டுவோர் ‘பிறர்கோள்’ எனலாம்.

எதிர்க்கருத்து கண்ணில் பட்டாலே போதும் என்று நினைக்க வேண்டாம். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எதிர் அணியினரின் பதிவுகளைப் பகிரும் தானியங்கி ட்விட்டர் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சியினர் தங்கள் பழைய நிலையில் இன்னும் இறுகிப்போனார்கள். கண்ணில் படுவது வேறு, மேற்கொள்வது வேறு. எதிராளியின் வாதத்தை, ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி எழுத முடிந்தால் அதுதான் பரபக்கம்.

பல வருடமாக நான் எதிர்த்து வரும் ஒரு கொள்கையை அப்படி எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. மீதியைத் தெரிந்துகொள்ள, நான் மியூட் செய்து வைத்திருந்த ஒருவரின் பதிவுகளைத்தான் தேடிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது.