‘டென் ஃபிஃப்டீன்’ என்றால் எத்தனை நிமிடம்?

மென்பொருள் நிறுவன ஊழியர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் காலங்களையும் வினைச்சொற்களையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அவர்களை உண்மையில் மாட்டிவிடுவது, ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ என்ற சின்னக் கேள்வி.

ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். இங்கே மதியம், லண்டனில் காலை எட்டு மணி. கோப்பு எப்போது வரும் என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்க, இவர் “டென் ஃபிஃப்டீன் மினிட்ஸ்” என்றிருக்கிறார். கடைசிச் சொல் பாதி விழுங்கப்பட்டது. வாடிக்கையாளர் காதில் விழுந்தது வெறும் “டென் ஃபிஃப்டீன்”. ஆங்கிலத்தில் அது 10.15 மணி. அவர் நிம்மதியாக வேறு வேலைக்குப் போய்விட்டார். கால்மணி நேரத்தில் கோப்பை அனுப்பிய மாணவியோ, பதிலே இல்லையே, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று இரண்டு மணி நேரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தவறு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நம் மொழியிலிருந்துதான். உறுதியில்லாத அளவைச் சொல்ல நாம் இரண்டு எண்களை ஒட்டிவிடுவோம்: ஓரிரு நாள், நாலைந்து பேர், ஏழெட்டு மாதம், பத்துப் பதினைந்து நிமிடம். நடுவில் ‘அல்லது’ போட்டால் அரசாங்கச் சுற்றறிக்கை படிப்பதுபோல் ஆகிவிடும். (எனக்கு இந்த ஒட்டுதல் மிகவும் பிடிக்கும், எத்தனை சிக்கனம்!) ஆங்கிலத்தில் நடுவே ‘ஆர்’ அல்லது ‘டு’ வேண்டும்: “டூ ஆர் த்ரீ டேஸ்”, “டென் டு ஃபிஃப்டீன் மினிட்ஸ்”. வெறுமனே “டூ, த்ரீ டேஸ்” என்றால், இரண்டு என்று தொடங்கி மூன்றாகத் திருத்திக்கொண்டதுபோலவும் கேட்கக்கூடும். ‘டு’விலும் ஒரு கண்ணி உண்டு. “ஃபைவ் டு டென்” என்று நிறுத்தினால் அது 9.55 மணி. ‘மினிட்ஸ்’ என்பதை முழுதாக உச்சரியுங்கள்.

அடுத்த சிக்கல் ‘இரண்டு நாளில் அனுப்புகிறேன்’. அந்த ‘-இல்’ நமக்கு ‘அதற்குள்’ என்ற பொருளையும் சேர்த்தே தருகிறது. “ஐ வில் செண்ட் இட் இன் டூ டேஸ்” என்றால் வெள்ளிக்கிழமை பேசியதற்கு ஞாயிற்றுக்கிழமை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே வரலாம் என்று சொல்ல வேண்டுமானால் ‘வித்தின்’ வேண்டும்.

‘ஒன்பது மணி வாக்கில்’ என்பதற்கு “அரவுண்ட் நைன்”. ‘ஒரு மணி நேரம்போல’ என்பதற்கு “அன் அவர் ஆர் ஸோ”. இவை அழகாகப் பொருந்திவிடுகின்றன. “ஆஃப்டர் சம் டைம்” பொருந்தாது. நாம் கொஞ்ச நேரம் கழித்து என்று நினைத்துச் சொல்கிறோம்; கேட்பவருக்கு அது எப்போதோ என்று ஒலிக்கிறது. “இன் எ லிட்டில் வைல்” என்று சொல்லிப் பாருங்கள். “வி ஷுட் மீட் சம்டைம்” என்று அவர்கள் சொன்னால் நாள்காட்டியை எடுக்காதீர்கள். ‘ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்’ என்று நாம் சொல்வதில்லையா, பெரும்பாலும் அந்த வகைதான்.

‘பைவீக்லி’ என்ற சொல்லை என் வகுப்பில் தடை செய்திருக்கிறேன். வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று அகராதியே இரண்டு பொருளும் தருகிறது. பிரிட்டன்காரர்களிடம் ‘ஃபோர்ட்நைட்’ சொல்லலாம். பதினான்கு இரவு என்பதிலிருந்து வந்த சொல். அமெரிக்கர்களிடம் “எவ்ரி டூ வீக்ஸ்” என்பதே நல்லது.

எவ்வளவு நாள் ஆகும் என்று உண்மையிலேயே தெரியாதபோது? அப்போதுதான் பலர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மாணவிக்கு நான் எழுதிக்கொடுத்த வாக்கியம் இது: “ஐ டோண்ட் நோ யெட். ஐ வில் டெல் யூ பை தர்ஸ்டே நூன்.” வேலை முடியும் நாள் அதில் இல்லை, தகவல் வரும் நாள் இருக்கிறது. லண்டன் நண்பகலா, சென்னை நண்பகலா என்று அவர் உடனே திருப்பிக் கேட்டார். பாடம் ஏறிவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன்.