எட்டுக் கைக்கு ஒரு விண்வெளி உடை

1965 மார்ச் 18 அன்று சோவியத் விண்வெளி வீரர் அலெக்ஸி லியோனவ் வோஸ்கோத்-2 விண்கலத்தை விட்டு வெளியே வந்து சுமார் 12 நிமிடம் மிதந்தார். மனிதர் ஒருவர் விண்வெளியில் நடந்தது அதுதான் முதல் தடவை. திரும்பும் நேரத்தில் உடை உப்பிப் போயிருந்தது. விரல்கள் கையுறையின் நுனியை எட்டவில்லை, பாதங்கள் காலணிக்குள் நிற்கவில்லை. உடைக்குள் இருந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் அவரால் உள்ளே நுழைய முடிந்தது.

வேற்றுக்கிரக உயிருக்கு உடை தைக்க உட்காருபவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மூச்சு, சூடு, குளிர் எல்லாம் அப்புறம். அந்த உடம்பு எப்படி மடங்குகிறது என்பதே முதல் கேள்வி.

காற்றடித்த சைக்கிள் டியூபை மடக்கிப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். மடக்கும்போது உள்ளே இருக்கும் இடம் குறைகிறது, அங்கிருந்த காற்றை அமுக்க நம் தசைதான் உழைக்க வேண்டும். இன்றைய அமெரிக்க விண்வெளி உடைக்குள் அழுத்தம் சுமார் 30 கிலோபாஸ்கல்தான். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே வீரர்களின் விரல்கள் களைத்துப் போகின்றன. அதனால் முழங்கை, முழங்கால் பகுதிகளை, ஒரு பக்கம் மடிப்பு சுருங்கினால் மறுபக்கம் விரியும்படி செய்கிறார்கள். உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய மாறாது. நமக்கு எலும்பு இருப்பதால், எங்கே மடங்கும் என்று முன்கூட்டியே தெரிவதால், இது முடிகிறது.

சரி, ஆக்டோபஸ் போன்ற ஓர் உயிரைக் கற்பனை செய்வோம். எண்கையர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். எலும்பே இல்லாத கை எந்த இடத்திலும் மடங்கும், நீளும், குறுகும். மூட்டே இல்லாத இடத்தில் மடிப்பை எங்கே வைப்பது?

எனக்குப் பிடித்த விடை பின்னல் உறை. நீளாத நூலை இரண்டு திசையிலும் சாய்வாகச் சுற்றிய குழாய் அது. குழாயை இழுத்தால் ஒல்லியாகும், அமுக்கினால் பருக்கும். நூல் குழாயின் நீளவாட்டத்தோடு 54.7 பாகைக் கோணத்தில் இருக்கும்போது உள்ளே இடம் உச்சத்தில் இருக்கும். மலை உச்சியில் ஓரடி நகர்ந்தால் உயரம் பெரிதாகக் குறையாது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். அந்த நிலையிலிருந்து கை 10% நீண்டால் உள்ளிடம் சுமார் 1.5% மட்டுமே குறைகிறது. 40% நீண்டாலோ 27% குறைகிறது. ஆகவே எண்கையர் அதிகம் வேலை செய்யும் நீளத்தில் நூல் 54.7 பாகையில் நிற்கும்படி தைக்க வேண்டும். சின்னச் சின்ன அசைவுகள் கிட்டத்தட்ட இலவசம். ரொம்ப தூரம் எட்டிப் பிடிக்கத்தான் தசை வலிக்கும்.

செவுளால் மூச்சுவிடும் உயிர் என்றால் உடைக்குள் நீர் வேண்டும். நீர் அமுங்காது. கை நீளும்போது உறையில் இருக்கும் நீர் ஒதுங்க, உடற்பகுதியில் ஒரு வாயுப் பை வைத்தே ஆக வேண்டும். இன்னொரு சிக்கல், ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும். முதுகுப் பையில் இருக்கும் பம்ப் ஓயாமல் நீரைச் சுழற்ற வேண்டும். அந்த ஓட்டமே உடல் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகும் என்பது நல்ல செய்தி. நம் வீரர்கள் அதற்கென்றே நீர்க்குழாய் ஓடும் உள்ளாடை அணிகிறார்கள்.

எண்கையருக்கு உண்மையான இழப்பு ருசி. நம் கடல் ஆக்டோபஸின் நரம்புச் செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. கைகளில் இருக்கும் கிண்ணம் போன்ற உறிஞ்சிகளால் தொட்டே ருசி பார்க்கும் உயிர் அது. உறைக்குள் போனதும் அந்த உலகம் மறைந்துவிடும். வெற்றிடத்தில் உறிஞ்சி பிடிக்கவும் செய்யாது, ஏனென்றால் அதைப் பொருளோடு அழுத்துவதே வெளியில் இருக்கும் அழுத்தம்தான். கருவிகளைக் கையால் சுற்றிப் பிடிக்க வேண்டியதுதான்.

ஆனால் உறைக்குள் அழுத்தம் உண்டு. உட்புறத்தை வழவழப்பான ரப்பரால் செய்தால் உறிஞ்சிகள் அதையே கவ்விக்கொள்ளும். உடை எவ்வளவு உப்பினாலும் கை நுனி உறையின் நுனியை விட்டு நழுவாது. லியோனவின் விரல்களுக்குக் கிடைக்காத பிடி அது.